கடைச் சாமான் செய்யும் சிறு பட்டறைகளுக்கு: தரம் குறையாமல் செலவைக் குறைக்கும் வழிகாட்டி

கிழக்கிலங்கையில் கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்தப் பக்கம் போனாலும் சாப்பாட்டுக்கடைகள். அவற்றுக்கு வேண்டிய ஸ்டெயின்லெஸ் மேசை, ரொட்டிக்கல், கழுவும் தொட்டி, தள்ளுவண்டி போன்றவற்றை நாலைந்து பேர் சேர்ந்து வேலை செய்யும் சிறு பட்டறைகள் செய்து கொடுக்கின்றன. இந்த வழிகாட்டி அந்தப் பட்டறைக்காரருக்கானது.

வாங்க வருகிறவர் முதலில் பேசுவது விலையைத்தான். "தம்பி, கொஞ்சம் மெல்லிசாப் போட்டுத் தாங்க, காசு குறையட்டும்" என்பார். நாமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பான தகடு போட வேண்டிய இடத்தில் 0.8 போட்டுக் கொடுப்போம். அடுத்த மாரி வருமுன் மேசை நடுவில் தொய்ந்துவிடும். அவரும் திரும்ப வரமாட்டார், அவர் சொல்லி வர இருந்தவர்களும் வரமாட்டார்கள்.

தகட்டின் தடிப்பில் கைவைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. காசு ஒழுகுவது பெரும்பாலும் வேறு இடங்களில்: வெட்டி எறியும் துண்டுகள், இரண்டாம் தடவை செய்யும் வேலை, பழுது பார்க்கப் போகும் பயணம், கணக்கில் வராத மணித்தியாலங்கள். அவற்றை அடைத்த பிறகும் விலை இறங்காவிட்டால், அப்போது தடிப்பைப் பற்றிப் பேசலாம்.

படி 1: சாமான் எங்கே நிற்கப் போகிறது என்று கேளுங்கள்

அளவு எடுக்கும் முன் இடத்தைக் கேளுங்கள். உப்புக்காற்று படுமா, நெருப்பு படுமா, எவ்வளவு பாரம் ஏறும், உணவு நேரே தொடுமா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்தால் எந்தப் பாகத்துக்கு எந்த உலோகம் என்பதில் பாதி முடிவாகிவிடும்.

பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கும் மேசையும், அம்பாறை நகருக்குள் நிற்கும் மேசையும் ஒரே தகட்டில் இருக்க வேண்டியதில்லை. ஸ்டெயின்லெஸ்ஸின் ரகங்களை எண்ணால் சொல்வார்கள். 304 ரகத்தில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். அதனால்தான் அது மலிவு, கடற்கரையில் சீக்கிரம் மண்ணிறக் கறை பிடிப்பதும் அதனால்தான். 430 ரகத்தில் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். கடலை விட்டுத் தள்ளிய ஊரில் சுவரோரம் அடிக்கும் தகட்டுக்கு அது போதும். மொலிப்டினம் சேர்த்த 316 கடல்நீரே தெறிக்கும் இடத்துக்கு உரியது. சாப்பாட்டுக்கடைக்கு அது பெரும்பாலும் வீண் செலவு என்பேன். 304 போட்டு, ஒவ்வோர் இரவும் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

ஒரே சாமானுக்குள்ளும் ரகங்களைக் கலக்கலாம். மேல்தகடு 304, கீழ்த்தட்டு 201, உள்சட்டம் நாக முலாம் பூசிய பொக்ஸ் பார் (சதுரக் குழாய்) என்று பிரித்துப் போடுவது ஏமாற்று அல்ல, அதை பில்லில் எழுதிக் கொடுக்கும் வரை. ஸ்டெயின்லெஸும் சாதாரண இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் இரும்புதான் வேகமாக அரிக்கும். இடையில் ரப்பர் துண்டு வையுங்கள், அல்லது சிலிக்கன் பூசுங்கள்.

படி 2: அடக்கவிலையை உள்ளபடி எழுதுங்கள்

பல பட்டறைகளில் கணக்கு என்றால் தகட்டுக் காசும் கூலியும் மட்டும்தான். கூலியைக் கூட நாட்கணக்கில் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு வெல்டருக்கு நாளொன்றுக்கு 4,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஆக 4,600 ரூபா. எட்டு மணித்தியாலத்தில் தேநீர், சாப்பாடு, சாமான் தேடுதல், மின்வெட்டு எல்லாம் போக உண்மையான வேலை ஆறு மணித்தியாலம் என்றால், ஒரு மணித்தியாலத்துக்கு 767 ரூபா ஆகிறது. 4,000ஐ எட்டால் வகுத்து 500 என்று விலை போட்டவர் மணிக்கு 267 ரூபாவைத் தன் பையிலிருந்து கொடுக்கிறார். இங்கே விட்ட காசைப் பிடிக்கத்தான் பிறகு தகட்டை மெல்லிசாக்குகிறார்.

ஆர்கன் வாயு, டங்ஸ்டன், கட்டிங் டிஸ்க், பொலிஷ் டிஸ்க், மின்சாரம் இவற்றை மாத முடிவில் மொத்தமாகக் கூட்டி, அந்த மாதம் செய்த வேலை மணித்தியாலங்களால் வகுத்து, மணிக்கூலியோடு சேர்த்துவிடுங்கள். பெரிய கணக்கறிவு தேவையில்லை. ஒரு கொப்பி போதும்.

படி 3: வாங்கும் தகட்டை நிறுத்துப் பாருங்கள்

தகடு இறக்குமதிச் சரக்கு. கொழும்பில் இருந்து லொறியில் வந்து இறங்கும்போது ஏற்றுகூலியும் சேர்ந்திருக்கும். அதில் ஒரு கிலோ ஏமாந்தாலும் பட்டறையில் எந்தச் சிக்கனமும் அதை ஈடுகட்டாது.

8க்கு 4 அடி 304 தகடு 1 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 23.5 கிலோ இருக்க வேண்டும். 1.2 என்றால் 28 கிலோ, 1.5 என்றால் 35 கிலோ. தராசில் ஏற்றுங்கள். 1.2 என்று சொல்லித் தந்தது 25 கிலோ காட்டினால் அது 1.2 அல்ல. பொக்ஸ் பாருக்குத் தடிப்பு அளக்கும் வெர்னியரை எடுத்துச் செல்லுங்கள். 1.5 என்று பேர் எழுதிய குழாய் 1.2 ஆக இருப்பது நம் பக்கம் புதிதல்ல.

ரகத்தைக் காந்தத்தால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். 430இல் காந்தம் ஒட்டும். 201இலும் 304இலும் பெரும்பாலும் ஒட்டாது, அதனால் அவை இரண்டையும் காந்தம் பிரித்துக் காட்டாது. நல்ல 304இல் கூட மடித்த மூலையில் லேசாக ஒட்டும். மங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் சிறு போத்தலில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறி 201ஐக் காட்டிக்கொடுக்கும். பட்டறைக்கு ஒரு போத்தல் கட்டாயம்.

பக்கத்துப் பட்டறைக்காரரோடு சேர்ந்து ஒரே லொறியில் தகடு எடுப்பது ஏற்றுகூலியை நன்றாகக் குறைக்கும். போட்டிக்காரர் என்று ஒதுங்க வேண்டியதில்லை.

படி 4: தகட்டை முதலில் தாளில் வெட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

வாடிக்கையாளர் 4 அடிக்கு 2 அடி மேசை கேட்கிறார். தகடு 8க்கு 4. கண்ணால் பார்த்தால் ஒரு தகட்டில் நான்கு மேசை வரும் போலிருக்கும். ஆனால் மேசைக்கு விளிம்பு மடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் கீழே, அரை அங்குலம் உள்ளே. அப்போது விரித்த அளவு 52க்கு 28 அங்குலம். தகட்டின் அகலம் 48, இரண்டு 28 அதில் அடங்காது. நீளம் 96, இரண்டு 52ம் அடங்காது. திருப்பிப் போட்டாலும் மிஞ்சிய 44 அங்குலப் பகுதியில் இன்னொன்று வராது. முழுத் தகட்டில் ஒரே ஒரு மேல்தகடுதான் வருகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துண்டாகக் கிடக்கும்.

இப்போது மேசையை 44க்கு 20 அங்குலம் என்று மாற்றிப் பாருங்கள். விரித்த அளவு 48க்கு 24. ஒரு தகட்டில் சரியாக நான்கு. 1.2 தகட்டில் ஒரு மேசைக்கு 28 கிலோவுக்குப் பதில் 7 கிலோ. தடிப்பு ஒரு நூல் குறையவில்லை. வாடிக்கையாளர் இழப்பது நீளத்தில் நாலு அங்குலம், அகலத்தில் நாலு அங்குலம்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. ரொட்டி மா பிசையும் மேசைக்கு 24 அங்குல அகலம் வேண்டும் என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படியான வேலையில் மிஞ்சும் 20 அங்குலப் பட்டையில் என்ன செய்வது என்பதை வெட்டும் முன்னே எழுதிவையுங்கள்: கீழ்த்தட்டு, சுவர்த் தகடு, மேசைக்கு அடியில் போகும் தாங்குபட்டை. பெயர் எழுதாத துண்டு மூலையில் போய்ச் சேரும், அங்கிருந்து பழைய இரும்புக்காரரிடம் போய்விடும்.

ஆகவே உங்கள் பட்டறைக்கு மூன்று நான்கு நிலையான அளவுகளைத் தேர்ந்தெடுங்கள். விரித்த அளவு தகட்டுக்குள் மிச்சமின்றி அடங்குவதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். படத்தைச் சுவரில் மாட்டுங்கள். வருகிறவரிடம் முதலில் அந்த அளவுகளைக் காட்டுங்கள். "இந்த அளவில எடுத்தா விலை இவ்வளவு, உங்கட அளவில செய்தா இவ்வளவு" என்று இரண்டையும் சொன்னால் பலரும் முதலாவதற்கே வருவார்கள்.

படி 5: தடிப்பைக் குறைக்கத்தான் வேண்டுமானால், மடிப்பைக் கூட்டுங்கள்

தட்டையான தகட்டின் விறைப்பு, தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். 0.8ஐ 1.2 ஆக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்கு கூடுவதில்லை, மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. மறுபக்கம் பார்த்தால், 1.2இல் இருந்து 0.8க்கு இறங்கும்போது தகட்டுக் காசில் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும், விறைப்பிலோ பத்தில் ஏழு பங்கு போய்விடும். இது நட்ட வியாபாரம்.

அதற்குப் பதில் 1.0 தகடு எடுத்து, மிச்சப் பட்டையில் தொப்பி வடிவத்தில் மடித்த தாங்குபட்டை ஒன்றை அடியில் நீளவாக்கில் கொடுங்கள். பட்டை இல்லாத 1.2 தகட்டை விட அது விறைப்பாக நிற்கும். நீளமாக வெல்ட் ஓட்டாதீர்கள், மேலே சூட்டுத் தடம் தெரியும். விட்டுவிட்டுச் சிறு பொட்டுகளாகப் போதும்.

அடியில் சிப்போர்ட் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை வைத்து மெல்லிய தகட்டை மேலே ஒட்டுவது சில இடங்களில் வழக்கம். கழுவும் தண்ணீர் உள்ளே போய்ப் பலகை ஊதி, கரப்பான் குடியேறும். சமையலறைக்கு அது ஆகாது.

படி 6: ரொட்டிக்கல் என்றால் கணக்கே வேறு

ரொட்டிக்கல்லில் நெருப்பும் பாரமும் அடியும் ஒன்றாகச் சேர்கின்றன. கொத்து ரொட்டி போடுகிறவர் இரவு முழுக்க அதில் தகட்டால் கொத்துகிறார். இதற்கு ஸ்டெயின்லெஸ் வேண்டாம். 304ஐ விட மென்னிரும்பு மூன்று மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஸ்டெயின்லெஸ் போட்டால் அடுப்புக்கு நேரே கருகும், ஓரம் வேகாது.

4க்கு 2 அடி தகடு 12 மில்லிமீற்றரில் 70 கிலோ, 10இல் 58 கிலோ, 8இல் 47 கிலோ. இரவு முழுக்க வரிசை நிற்கும் கடைக்கு 12. பின்னேரம் மட்டும் ரொட்டி போடும் சின்னக் கடைக்கு 10. 8க்கு நான் இறங்கமாட்டேன். ஈர மா விழுந்தவுடன் சூடு இறங்கிவிடும், நாளடைவில் நடு வளையும்.

இன்னொரு முக்கியமான விடயம். 4 அடித் தகடு 250 பாகை சூடேறினால் மூன்றரை மில்லிமீற்றருக்கும் மேல் நீளும். சட்டத்தோடு சுற்றிவர வெல்ட் பண்ணினால் நீள இடமின்றி முதுகு தூக்கும், இல்லாவிட்டால் வெல்ட் வெடிக்கும். சட்டத்தின் மேல் சும்மா இருத்தி, நான்கு மூலையிலும் நகராமல் தடுக்கும் கட்டை மட்டும் வைத்து, சுற்றி 3 மில்லிமீற்றர் இடம் விடுங்கள். வெல்டிங் கூரும் (குச்சியும்) மிச்சம், நேரமும் மிச்சம், கல்லும் நேராக இருக்கும். செலவு குறைந்து தரம் கூடும் இப்படியான இடங்களைத் தேடித் தேடிப் பிடிக்க வேண்டும்.

படி 7: காசு கேட்காத தரம்

ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் இரும்புக்கும் தனித்தனி கிரைண்டிங் டிஸ்க், தனித்தனி கம்பித் தூரிகை. இரும்பு வெட்டும்போது பறக்கும் பொறி ஸ்டெயின்லெஸ் மேல் விழுந்தால் அந்தந்தப் புள்ளியில் துரு கிளம்பும். வாடிக்கையாளர் "304 என்று சொல்லி ஏமாத்திப்போட்டான்" என்பார். தகடு நல்ல தகடுதான், பொறிதான் காரணம். முடிந்தால் பட்டறையின் இரண்டு மூலைகளில் இரண்டு வேலையையும் பிரித்துவிடுங்கள்.

304ஐ டிக் வெல்டிங் (ஆர்கன் வாயுவின் மறைப்பில் டங்ஸ்டன் முனையால் செய்யும் வெல்டிங்) செய்ய 308 எல் ரக நிரப்புக் கம்பி. வெல்ட் ஓரத்தில் வரும் நீல, மண்ணிற நிறத்தை அப்படியே விட்டால் அங்கேதான் துரு தொடங்கும், ஆகவே அதை எடுத்தே ஆக வேண்டும். அதற்கான அமிலப் பசையில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் கலந்திருக்கும். கையுறை, முகமூடி, நிறையத் தண்ணீர் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. பொலிஷ் கோடு ஒரே திசையில் மெல்லிசாக ஓட வேண்டும். சொரசொரப்பான முகத்தில் உப்பு தங்கும். ஆனால் மேசையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி போலப் பளபளக்க வைப்பது வீண் வேலை.

கச்சான் வீசும் மாதங்களில் முற்றத்தில் டிக் வெல்டிங் செய்தால் காற்று ஆர்கனை அள்ளிக்கொண்டு போகும், வெல்டில் சின்னத் துளைகள் விழும். பலர் வாயுவைக் கூட்டித் திறக்கிறார்கள். தகரத்தால் மறைப்புக் கட்டினால் வாயுவும் மிஞ்சும், துளையும் வராது. மாரியில் பிரச்சினை வேறு: வெல்டிங் கூர் ஈரம் குடிக்கும். பெட்டியை உடைத்தால் மூடியுள்ள டப்பாவில் வைத்து, அதற்குள் ஒரு பல்ப் எரிய விடுங்கள்.

பொக்ஸ் பார் கால்களின் முனைகளை முழுக்க அடைத்து வெல்ட் பண்ணுங்கள். திறந்த குழாய் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் அழகாகவே இருக்கும்.

படி 8: தேய்வதற்கு போல்ட், தேயாததற்கு வெல்ட்

மட்டக்களப்பில் செய்த தள்ளுவண்டி பொத்துவிலில் நிற்கிறது. சில்லு உடைந்துவிட்டது. போக வர இருநூறு கிலோமீற்றருக்கு மேல், ஒரு ஆளின் நாள், பெற்றோல். மலிவுச் சில்லில் மிஞ்சிய காசெல்லாம் அந்த ஒரு பயணத்தோடு போய்விடும். சில்லு, கைப்பிடி, பிணைச்சல், அடுப்பின் பர்னர், கால் முனை இவை எல்லாம் தேய்கிற சாமான். இவற்றை போல்டில் மாட்டுங்கள், கடையில் கிடைக்கும் பொது அளவில் மாட்டுங்கள். உடைந்தால் ஒரு சில்லை பஸ்ஸில் போட்டுவிட்டால் அவரே மாட்டிக்கொள்வார். வண்டியோடு போல்ட் கழற்றும் சாவி ஒன்றையும் கட்டிக் கொடுங்கள்.

படி 9: பேரம் பேசக்கூடாத மூன்று

எரிவாயு மூட்டு, மின் எர்த், கை படும் விளிம்பு. இவற்றில் ஒரு ரூபா கூடக் குறைக்காதீர்கள். 2021 இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நடந்த நினைவு மக்களிடம் இன்னும் இருக்கிறது. ஹோஸ், கிளிப், வால்வு நல்ல சாமானாகப் போட்டு, ஒவ்வொரு மூட்டையும் சவர்க்கார நீர் பூசிப் பார்த்த பிறகே சாமான் வெளியே போக வேண்டும். மின்சாரத்தில் ஓடுவதற்கு எர்த் கம்பி உடலோடு போல்டில் இறுகியிருக்க வேண்டும், கடையில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் "மறுகா பாப்பம்" என்றாலும் இணங்காதீர்கள்.

படி 10: மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள்

வெட்டிய பின், பொட்டு வெல்ட் வைத்த பின், பொலிஷுக்கு முன். பொட்டு வைத்த சட்டத்தில் மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் சுத்தியலால் தட்டிச் சரி செய்யலாம். முழு வெல்ட் ஓடிய பிறகு என்றால் வெட்டித்தான் பிரிக்க வேண்டும். நிலையான அளவுகளுக்குப் பலகையிலோ பழைய தண்டவாளத்திலோ ஓர் அச்சு செய்து வைத்தால் இந்தச் சோதனையே பாதியாகக் குறையும். புதிதாக வரும் பயிலுனரைக் கால்களிலும் கீழ்த்தட்டுகளிலும் பழக விடுங்கள், மேல்தகட்டுக்குப் பழகிய கை வேண்டும்.

படி 11: விலையைத் திறந்து சொல்லுங்கள்

ஒரே விலை சொன்னால் பேரம் தரத்தின் மேல் விழும். இரண்டு விலை சொன்னால் தெரிவு அவருடையது. "காக்கா, இந்த விலைக்கு 201, அந்த விலைக்கு 304. உங்கட கடை கடற்கரை வீதியில. 201 போட்டா கறை பிடிக்கும், இப்பவே சொல்லிப்போட்டன்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பில்லில் ரகம், தடிப்பு, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்பதையும் எழுதுங்கள். வெல்டுக்கும் சில்லுக்கும் ஒரே உத்தரவாதம் கொடுக்காதீர்கள்.

கொட்டேஷனுக்குக் காலக்கெடு போடுங்கள், ஏழு நாள் போதும். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது 200 ரூபாவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐ எட்டியது. திகதி போடாத கொட்டேஷன் கொடுத்த பட்டறைகள் பழைய விலைக்குச் செய்வதா, வாடிக்கையாளரை இழப்பதா என்று நின்றன. தகட்டுக் காசு முழுவதும் அட்வான்ஸாக வந்த பிறகே தகடு எடுங்கள்.

அறுகம்பைச் சீசனுக்கு வேண்டிய சாமானை எல்லாரும் மாசி, பங்குனியில்தான் கேட்பார்கள். அவசரத்தில் வெட்டும் தகட்டில் கழிவும் கூடும், பிழையும் கூடும். வேலை மெலிந்த மாரி மாதங்களில் கால், தாங்குபட்டை, கீழ்த்தட்டு இவற்றைச் செய்து அடுக்கிவையுங்கள். குறைந்தது மூன்று வகைச் சாமானுக்குப் பொருந்தும் பாகமாக மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் காசு இரும்பாக முடங்கிவிடும்.

படி 12: பழுதுக் கொப்பி

சாமானோடு தமிழில் அரைப்பக்கப் பராமரிப்புத் தாள் கொடுங்கள்: இரவில் நல்ல தண்ணீரில் கழுவுதல், குளோரின் கலந்த திரவத்தை ஊறவிடாமை, இரும்பு நார் கொண்டு தேய்க்காமை. பிறகு திரும்பி வரும் ஒவ்வொரு பழுதையும் கொப்பியில் எழுதுங்கள்: எந்தச் சாமான், எந்தப் பாகம், எத்தனை மாதத்தில், எந்த ஊர், சரி செய்ய எவ்வளவு செலவு.

அந்தக் கொப்பியில் ஒரு வருடமாகப் பேரே வராத பாகத்தில்தான் செலவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பாகத்தில் செலவைக் கூட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சில்லை மாற்றிய மாதத்தில் பெயின்ட்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். மாற்றிய திகதியைக் கொப்பியில் குறித்து, ஒரு மாரியும் ஒரு கச்சானும் கடந்த பிறகு அந்தச் சாமான்களைப் போய்ப் பாருங்கள். பழுது இல்லை என்றால் அடுத்த பாகத்துக்குப் போகலாம்.